இணையத்தளத்தை வெளி நிர்வாகப் பலகையுடன் இணைத்தல்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் உதியன்குளங்கரை. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் களியக்காவிளை. அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் அமைந்தது. இவ்வெல்லை மழைக்கும் காற்றுக்கும் கிடையாது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இரு மாவட்டங்களின் கடற்கரைகளையும் ஒருங்கே தாக்கியது. ஆயினும் ஆணைகளுக்கு எல்லை உண்டு. பெருமழைக் காலத்தில் பள்ளி விடுமுறையைத் திருவனந்தபுரம் மாவட்ட ஆட்சியர் தம் மாவட்டத்திற்கும், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் தம் மாவட்டத்திற்கும் தனித்தனியே அறிவிக்கின்றனர்.

இத்தகைய எல்லையூர்ப் பள்ளி ஒன்றுக்கு ஓர் இணையத்தளம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதில் "இன்று விடுமுறை" என்ற அறிவிப்பு காணப்படுகிறது. அது எந்த மாவட்டத்தின் ஆணை? எந்த நாளுக்கு உரியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை இல்லையெனில், வெள்ளம் பெருகிய பாதையில் ஒரு குழந்தை பள்ளிக்குப் புறப்படவும் கூடும். பள்ளி நடைபெறும் நாளில் மற்றொரு குழந்தை வீட்டில் தங்கிவிடவும் கூடும். இணையத்தளத்தை வெளி நிர்வாகப் பலகையுடன் இணைக்கும் முறையை, இந்த ஓர் அறிவிப்பை உதாரணமாகக் கொண்டு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

பலகை என்பது யாது?

உலகளாவிய வலை 1991-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட காலத்தில், ஒரு பக்கத்தின் செய்தியும் அதன் தோற்றமும் ஒரே கோப்பில் கலந்து எழுதப்பட்டன. ஒரு தேதியை மாற்ற வேண்டுமானாலும் அக்கோப்பைத் திறந்து திருத்தத் தெரிந்தவர் வேண்டியிருந்தது. பின்னர், செய்தியைத் தரவுத்தளத்தில் தனியே வைத்து, படிவத்தைப் பூர்த்தி செய்வது போல எவரும் மாற்றத்தக்க உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் தோன்றின. 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் அவற்றுள் பெரிதும் பரவியது. செய்தியைப் பதிவு செய்வதற்கான அதன் உள்திரையே நிர்வாகப் பலகை, அதாவது டாஷ்போர்டு, எனப்படுகிறது.

அடுத்த படியில் பலகையும் தளமும் ஒரே சர்வரில் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது. செய்தி ஓரிடத்தில் சேமிக்கப்படும், அதைக் காட்டும் தளம் வேறோரிடத்தில் இயங்கும், இரண்டையும் ஏ.பி.ஐ. எனப்படும் வரையறுக்கப்பட்ட வாயில் இணைக்கும். வேர்ட்பிரஸ் தன் உள்ளடக்கத்தைப் பிற தளங்களுக்கு இவ்விதம் வழங்கும் வாயிலை 2016 டிசம்பரில் வெளிவந்த 4.7-ஆம் பதிப்பிலிருந்து தன்னுள்ளேயே கொண்டுள்ளது. ஸ்ட்ராப்பி, டைரக்டஸ் போன்றவை தொடக்கத்திலிருந்தே இப்பணிக்கென அமைந்த பலகைகள். ஒரே செய்தியை இணையத்தளம், கைப்பேசிச் செயலி, நுழைவாயில் திரை ஆகிய மூன்றிற்கும் ஒருமுறை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பலாம் என்பது இம்முறையின் முதல் நன்மை.

முதல் உறுப்பு: கட்டங்களின் ஒப்பந்தம்

இணைப்பு என்றவுடன் கம்பியும் கடவுச்சொல்லும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் இணைப்பு தொடங்குவது கட்டங்களில்தான். பலகையில் எந்தெந்தக் கட்டங்கள் உள்ளன, அவற்றின் பெயர்கள் யாவை, எவை கட்டாயம் நிரப்பப்பட வேண்டியவை என்பதைப் பலகையும் தளமும் ஒரே விதமாக அறிந்திருக்க வேண்டும். பலகையில் ஒரு கட்டத்தின் பெயரை மாற்றினால், பழைய பெயரைத் தேடும் தளம் வெற்றிடத்தையே காட்டும்.

மழை விடுமுறை அறிவிப்புக்குத் தலைப்பு, செய்தி என்னும் இரண்டு கட்டங்கள் போதா. மாவட்டம், மொழி, ஆணையிட்ட அதிகாரி, வெளியிட்ட நேரம், காலாவதியாகும் நேரம் ஆகியவையும் தனித்தனிக் கட்டங்களாக வேண்டும். பேரிடர் எச்சரிக்கைகளுக்கென உலகெங்கும் வழங்கும் பொது எச்சரிக்கை நெறிமுறை இதற்குச் சிறந்த முன்மாதிரி. 2004-இல் முதலில் ஏற்கப்பட்டு, 2010-இல் 1.2-ஆம் பதிப்பாக வெளிவந்த அந்நெறிமுறையில், ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் அடையாள எண், அனுப்புநர், அனுப்பிய நேரம் ஆகியவை கட்டாயம். ஒரே எச்சரிக்கையில் பல மொழிப் பகுதிகள் இடம்பெறலாம். காலாவதி நேரத்திற்கும் நிலப்பரப்புக்கும் தனி இடம் உண்டு. இந்தியாவின் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் நடத்தும் சசேத் எச்சரிக்கைத் தளம் இந்நெறிமுறையைத் தழுவியதே.

நேரக் கட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. செவ்வாய்க்கிழமை அறிவிப்பு அன்று நள்ளிரவு 12 மணிக்குக் காலாவதியாக வேண்டும் எனப் பதியப்படுகிறது. ஆனால் அந்நேரம் இந்திய நேரம் என்பது குறிக்கப்படவில்லை. தளத்தின் சர்வர் அதை உலகப் பொது நேரமாகக் கொண்டால், இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னதாதலால், அறிவிப்பு புதன்கிழமை காலை 5.30 மணி வரை நீடிக்கும். விடியற்காலை 5 மணிக்குத் தளத்தைப் பார்க்கும் தாய், கடந்துபோன விடுமுறையைப் புதிய விடுமுறையெனக் கருதுவார். ஆகவே நேரத்துடன் நேர மண்டலத்தையும் சேர்த்தே சேமிக்க வேண்டும்.

இரண்டாம் உறுப்பு: எழுத்துக் குறியீடு

எல்லையூர்த் தளத்தில் மலையாளமும் தமிழும் அருகருகே வரும். யூனிக்கோடு அட்டவணையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலும், மலையாளத்திற்கு 3328 முதல் 3455 வரையிலும் உள்ள எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. யு.டி.எப்.-8 முறையில் இவ்வெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்கிறது. "தமிழ்" என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரிபவை 3 எழுத்துகள், குறியீட்டு எண்கள் 5, பைட்டுகள் 15. தலைப்பை இத்தனை பைட்டுகளுக்கு மேல் ஏற்கலாகாது என எல்லை வகுத்த பலகை, எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிட நேரிடும். எனவே ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மட்டும் சோதிப்பது போதாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான சுற்றறிக்கையை அப்படியே பலகையில் ஒட்டினால், தமிழ் தோன்றாது. பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசையே தோன்றும். அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை என்பதே காரணம். முதலில் யூனிக்கோடுக்கு மாற்றிய பின்னரே பதிய வேண்டும்.

மூன்றாம் உறுப்பு: முகவரியும் சாவியும்

தளம் செய்தியைக் கேட்கும் வாயிலுக்கு ஒரு முகவரி உண்டு. கேட்பவர் உரியவரே என்பதைக் காட்டச் சாவி, அதாவது டோக்கன், அனுப்பப்படுகிறது. படிக்க மட்டும் உதவும் சாவி வேறு. எழுதவும் அழிக்கவும் உரிமை தரும் சாவி வேறு. தளத்திற்குப் படிக்கும் சாவியே போதும். அச்சாவியையும் வாசகரின் உலாவிக்குச் செல்லும் பக்கத்தில் எழுதலாகாது. பக்கத்தின் மூலத்தை எவரும் திறந்து பார்க்கலாம். தளத்தின் சர்வரிலேயே சாவியை வைத்து, சர்வர் வழியாகக் கேட்பதே முறை.

கேள்விக்கு விடையாக ஓர் எண் வரும். 200 எனில் கேள்வி நிறைவேறியது. 401 எனில் சாவி இல்லை அல்லது செல்லாது. 403 எனில் உரிமை இல்லை. 404 எனில் கேட்ட பொருள் அம்முகவரியில் இல்லை. 429 எனில் கேள்விகள் அளவுக்கு மீறின. 500 எனில் பலகையின் சர்வரில் பழுது. இவ்வெண்களை அறிந்த களப் பணியாளர், பழுது எப்பக்கம் உள்ளது என்பதைச் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம்.

நான்காம் உறுப்பு: அறிகுறி

வாசகர் வரும்போதெல்லாம் பலகையைக் கேட்பது ஒரு முறை. பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைத்து, மாற்றம் நேர்ந்தால் மட்டும் மீண்டும் ஆக்குவது மற்றொரு முறை. பின்னதில் தளம் விரைவாக இயங்கும். பலகை சற்று நேரம் நின்றுபோனாலும் பக்கங்கள் நிற்கமாட்டா. புதிய செய்தி வெளியானவுடன் பலகை தளத்திற்கு அனுப்பும் அறிகுறிக்கு வெப்ஹூக் என்று பெயர். அது உரிய பலகையிலிருந்தே வந்தது என்பதை இரகசியக் கையொப்பத்தால் சரிபார்க்க வேண்டும். இல்லையெனில் அம்முகவரியை அறிந்த எவரும் தளத்தை ஓயாமல் மீண்டும் ஆக்கச் செய்யலாம்.

இங்கே பலர் கவனியாத ஒன்று உண்டு. செய்தி வெளியாவது ஒரு நிகழ்ச்சி. அதற்கு அறிகுறி எழும். ஆனால் காலம் கடந்துபோவதைப் பலகை பெரும்பாலும் நிகழ்ச்சியாகக் கருதுவதில்லை. அதற்கு அறிகுறி எழாது. செவ்வாய்க்கிழமை மாலை ஆக்கப்பட்ட பக்கம், வேறு எதுவும் வெளியாகாத வரையில், வியாழக்கிழமையும் அதே அறிவிப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆதலின் குறித்த இடைவெளியில் பக்கங்களைத் தாமாக மீண்டும் ஆக்கும் ஏற்பாடு வேண்டும். அத்துடன், பக்கம் திறக்கப்படும் கணத்தில் காலாவதி நேரத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடும் வேண்டும். பலகையை எட்ட முடியாதபோது, கடைசியாகக் கிடைத்த நகலை அதன் நேரத்துடன் காட்டுவதே நேர்மையானது.

இவை யாவும் அமைந்த பிறகும் ஒரு குறை எஞ்சும். செய்தியின் உள்ளே "இன்று", "நாளை" என்று எழுதப்பட்டிருந்தால் எந்தக் கருவியாலும் அதைத் திருத்த இயலாது. வாசகர் அப்பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், காலாவதிக் கட்டம் அப்படத்துடன் செல்வதில்லை. ஆகவே மாவட்டத்தின் பெயர், தேதி, கிழமை ஆகிய மூன்றையும் செய்தி வாக்கியத்திலேயே எழுதுவது கட்டாய விதியாக இருத்தல் வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

பலகையின் கணக்கு ஓர் ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டால், அவர் மாற்றலாகிச் செல்லும்போது சாவியும் உடன் செல்லும். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். எழுதுபவர் ஒருவர், சரிபார்த்து வெளியிடுபவர் மற்றொருவர் என உரிமைகளைப் பிரித்தல் நலம். பொறுப்பாளர் மாறும்போது பழைய சாவியை நீக்கிப் புதியது வழங்க வேண்டும். பலகை வெளியாருடையது ஆதலின், மாதம் ஒருமுறையேனும் உள்ளடக்கம் முழுவதையும் நகலெடுத்துத் தம்மிடம் வைத்தல் வேண்டும். மாணவர் பெயரையும் படத்தையும் பதியுமுன், குழந்தைகளின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கோரும் 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

இப்பாடத்தைக் கணினி இல்லாமலும் கற்பிக்கலாம். ஒரு மாணவர் பலகையாகவும், ஒருவர் தளமாகவும், மற்றவர்கள் வாசகர்களாகவும் அமர்வர். பலகை மாணவர் ஏழு கட்டங்கள் வரைந்த அட்டையில் விடுமுறை அறிவிப்பை நிரப்பி, சாவிச் சொல்லைக் கூறும் தள மாணவருக்கு மட்டும் கொடுப்பார். தள மாணவர் அதைக் கரும்பலகையில் எழுதுவார். பின்னர் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் ஒரு குறையைப் புகுத்த வேண்டும்: மாவட்டக் கட்டத்தை வெறுமையாக விடுதல், அறிகுறியை நிறுத்திவைத்தல், தேதிக்குப் பதிலாக "நாளை" என எழுதுதல். ஒவ்வொரு குறையாலும் பாறசாலை மாணவர் என்ன செய்வார், களியக்காவிளை மாணவர் என்ன செய்வார் என்று வாசகர்கள் கூற வேண்டும்.

இரு குழுவினரின் விடைகளும் வேறுபடும் இடத்திலேயே இணைப்பின் குறை உள்ளது. அக்குறையைக் கண்டுபிடிக்கப் பழகிய மாணவர், பின்னாளில் எந்தப் பலகையை எந்தத் தளத்துடன் இணைத்தாலும், மறுமுனையில் அதைப் படிப்பவரை மறவார்.