மரம் இருந்தால்தான் காடா?

காடு என்றதும் வெயில் நுழையாத மரக்கூட்டம்தான் நம் கண்ணில் வருகிறது. சிங்கம், மான், குரங்கு எல்லாம் அதற்குள்தான் குடியிருப்பதாக ஒரு நினைப்பு. அதையொட்டிச் சில நம்பிக்கைகளும் உலவுகின்றன.

நம்பிக்கை: சிங்கம் அடர்காட்டின் ராஜா.

உண்மை: ஆப்பிரிக்கச் சிங்கங்களில் பெரும்பாலானவை புல்வெளியும் ஆங்காங்கே மரங்களும் கலந்த நிலத்தில் வாழ்கின்றன. ஆசியச் சிங்கம் குஜராத்தின் கிர் வட்டாரத்தில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கிர், தேக்கும் முட்புதரும் நிறைந்த வறண்ட காடு. மேயும் விலங்குகள் எங்கே கூட்டமாகத் திரிகின்றனவோ, சிங்கத்துக்குச் சாப்பாடும் அங்கேதான்.

நம்பிக்கை: மலையுச்சிப் புல்வெளி வெறும் தரிசு. மரம் நட்டால் விலங்குகளுக்கு நல்லது.

உண்மை: ஆங்கிலேயர் காலம் தொட்டு நீலகிரிப் புல்வெளிகளில் தைல மரமும் சீகையும் பைனும் நட்டார்கள். இழந்தது வரையாடு. நம் மாநில விலங்கான இது, சுமார் 1,200 முதல் 2,600 மீட்டர் உயரத்தில் புல் மேய்ந்து பிழைக்கிறது. மந்தை மேயும்போது ஓரிரு ஆடுகள் தலைதூக்கிக் காவல் பார்க்கும். சிறுத்தையோ செந்நாயோ தென்பட்டால், அத்தனையும் செங்குத்துப் பாறைக்குப் பாய்ந்துவிடும். குளம்பின் விளிம்பு கெட்டியானது. நடுப்பகுதி ரப்பர் போலப் பாறையைப் பற்றிக்கொள்ளும். மரங்கள் மூடிவிட்டால் மேய்ச்சலும் போச்சு, எதிரியைத் தொலைவிலேயே பார்க்கும் வசதியும் போச்சு.

நம்பிக்கை: சீமைக்கருவேலம் பரவினால் மானுக்கு நிழலாவது கிடைக்கும்.

உண்மை: 1967இல் சரணாலயமான கோடியக்கரையில் வெளிமானைக் காப்பது கூர்மையான பார்வையும் வேகமான ஓட்டமும்தான். இரண்டுக்கும் திறந்தவெளி வேண்டும். சீமைக்கருவேலங்காய்களை மான் தின்னும் என்பது மெய்தான். ஆனால் புழுக்கையோடு விழும் விதைகள் முளைத்து, அதன் மேய்ச்சல் நிலத்தையே பிடித்துக்கொள்கின்றன.

நம்பிக்கை: ஒரு காடு போனால் குரங்கு அடுத்த காட்டுக்குத் தாவிவிடும்.

உண்மை: சிங்கவால் குரங்குக்கு மட்டும் அடர்ந்த பசுமைமாறாக் காடுதான் வேண்டும். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இது, வெடிப்பலா போன்ற மரங்களின் காய்கனிகளை நம்பி, கிளைவிட்டுக் கிளை தாவியே நாளைக் கழிக்கிறது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டுதுண்டாகக் கிடப்பதால், தரையில் இறங்கிச் சாலையைக் கடக்க நேர்கிறது. வண்டியில் அடிபடுவதும் உண்டு. அதனால்தான் அங்கே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் குழி தோண்டும் முன், அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம். புல்வெளியாக இருந்த இடமென்றால், அங்கே தேவைப்படுவது மரக்கன்று அல்ல; ஏற்கெனவே புகுந்துவிட்ட அயல்மரங்களை அகற்றும் வேலை.