தலைசுற்றல்: படுத்தே கிடந்தால் தீராது

விடியற்காலையில் மணி பார்க்க வலப்பக்கம் புரள்கிறீர்கள். அடுத்த நொடி அறையே சுழல்கிறது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறீர்கள், குமட்டுகிறது. அரை நிமிடத்தில் சுழற்சி அடங்கிவிடுகிறது, பயம் அடங்குவதில்லை. ‘பித்தம்’ என்பார் பாட்டி. ‘பிரஷராக இருக்கும்’ என்பார் பக்கத்து வீட்டுக்காரர். படுக்கையில் புரளும்போது வந்து சட்டென்று போகும் சுழற்சிக்குப் பெரும்பாலும் உள்காதுதான் காரணம்.

பயந்துபோனவர்கள் தலையை அசைக்காமல் படுத்துவிடுகிறார்கள். கடுமையான தலைசுற்றலில் முதல் ஓரிரு நாள் ஓய்வு தேவைதான். வாரக்கணக்கில் நீண்டால் அந்த ஓய்வே குணமாவதைத் தடுக்கும். ஏன் என்று புரிய மூளையைப் பார்க்க வேண்டும்.

மூளையில் நடப்பது

ஒரு பத்திரிகையைப் பிடித்து இடம்வலமாக வேகமாக ஆட்டுங்கள், எழுத்து கலங்கும். இப்போது பத்திரிகையை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள், படிக்க முடியும். தலை திரும்பிய அளவுக்குக் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லி உள்காது உடனுக்குடன் சேதி அனுப்புவதே காரணம். ஒவ்வொரு காதிலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

கண், உள்காது, பாதம், மூட்டுகள் ஆகியவை சொல்லும் சேதிகளை ஒப்பிட்டுத்தான் மூளை நம்மை நிமிர்த்தி வைக்கிறது. ஒரு காது தவறான சேதி சொன்னால் கணக்கு இடிக்கும். தானாக நடந்த நடைக்கும் கவனம் செலவாகும். அதனால்தான் பேசிக்கொண்டே நடக்க முடியாமல் போகிறது, படித்தது மனதில் நிற்பதில்லை, மாலைக்குள் களைத்துவிடுகிறோம், ஜவுளிக்கடைக் கூட்டத்தில் தடுமாறுகிறோம். பதற்றமும் சேர்ந்துகொள்ளும். இது மனப்பிரமை அல்ல.

நல்ல சேதி, மூளை புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளும். ஆனால் பிழை எங்கே என்று அதற்குத் தெரிய வேண்டும். தலையை அசைத்தால்தான் அது தெரியும்.

படி 1: ஆபத்து இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

தலைசுற்றலோடு வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, திடீர்க் கடும் தலைவலி, நிற்கவே முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே தமிழ்நாட்டில் 108-ஐயும், இலங்கையில் 1990-ஐயும் அழையுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

படி 2: மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்

எவ்வளவு நேரம் சுற்றியது? எதைச் செய்தபோது வந்தது? காதில் இரைச்சலோ அடைப்போ இருந்ததா?

புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்குள் வந்து போனால், உள்காதில் ஒட்டியிருக்கும் துகள் இடம் மாறியிருக்கலாம் (படி 4-ஐப் பாருங்கள்). காது இரைச்சலோடும் கேட்கும் திறன் குறைவோடும் மணிக்கணக்கில் சுற்றினால் மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம். காது கேட்பதில் மாற்றமின்றி நாள்கணக்கில் சுற்றினால் சமநிலை நரம்பு வீக்கம் என்று டாக்டர் சந்தேகிப்பார். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால், ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

படி 3: காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போங்கள்

உங்கள் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வேகமாக மல்லாக்கப் படுக்கவைத்து, டாக்டர் உங்கள் கண்ணைத்தான் உற்றுப் பார்ப்பார். துகள் தவறான குழலில் இருந்தால் விழி துடிக்கும். எந்தக் காது, எந்தக் குழல் என்பதை அந்தத் துடிப்பே காட்டிக்கொடுக்கும்.

படி 4: துகளை அதன் இடத்துக்குத் திருப்புங்கள்

உள்காதின் ஒரு பகுதியில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று, அரைவட்டக் குழலுக்குள் புகுவதுதான் சிக்கல். அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி 1992-இல் விரிவாக வெளியிட்ட முறை, தலையைத் திருப்பித் திருப்பியே அவற்றை வெளியேற்றுகிறது. பின்பக்கக் குழலுக்கான முறை இது. வலக்காதுக்கு இப்படி:

1. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்புங்கள்.
2. தோளுக்கடியில் தலையணை இருக்கும்படி சட்டென்று மல்லாக்கப் படுங்கள். தலை சற்றுப் பின்னால் தொங்கட்டும்.
3. சுற்றல் நின்ற பின்னும் அரை நிமிடம் பொறுத்து, தலையை 90 டிகிரி இடப்பக்கம் திருப்புங்கள்.
4. அரை நிமிடம் கழித்து, உடம்போடு இடப்பக்கம் புரண்டு முகம் தரையைப் பார்க்க இருங்கள்.
5. மீண்டும் அரை நிமிடம் கழித்து மெல்ல எழுந்து உட்காருங்கள்.

முதல் முறை டாக்டர் செய்யட்டும். கழுத்துத் தேய்மானமோ விழித்திரைப் பிரச்சினையோ இருந்தால் வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள்.

படி 5: மூளையைப் பழக்குங்கள்

சமநிலை நரம்பு பாதித்தவர்களுக்கும், துகள் சரியான பின்னும் தள்ளாட்டம் தொடர்பவர்களுக்கும் இது முக்கியம். ஒரு அட்டையில் ‘அ’ என்று எழுதிக் கை நீட்டும் தூரத்தில் பிடியுங்கள். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடம்வலமாகத் திருப்புங்கள். எழுத்து கலங்காத அளவுக்கே வேகம் இருக்கட்டும். ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று முறை. முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே செய்யுங்கள்.

செய்யும்போது லேசாகக் கிறுகிறுக்கும். அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். அந்தக் கிறுகிறுப்புதான் மூளைக்குப் பாடம். வெகுநேரம் அடங்காவிட்டால் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். சுற்றலை அடக்கும் சில மாத்திரைகளை நீண்ட நாள் விழுங்கினால் இந்தப் பாடம் மந்தமாகும். எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

படி 6: வீட்டை மாற்றுங்கள்

இருட்டில் கண்ணின் உதவி போய்விடும். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். தலைக்குக் குளிக்கும்போது முகத்தில் சோப்பு நுரை, கண் மூடியிருக்கும், தரை வழுக்கும்; உட்கார்ந்தே குளியுங்கள். பரணில் பாத்திரம் எடுக்க ஏறாதீர்கள். சுற்றல் அடங்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

படி 7: வீட்டாரிடம் சொல்லுங்கள்

வெளியே பார்க்க எந்தக் காயமும் தெரியாத நோய் இது. ‘சும்மா பயப்படாதே’ என்பதைவிட, ‘வா, தெருமுனை வரை நடக்கலாம்’ என்று கை கொடுப்பவரே நல்ல மருந்து. முதல் நாள் அவர் தோளைப் பிடித்து நடங்கள். அடுத்த வாரம் அவர் பக்கத்தில் வந்தாலே போதும் என்றிருக்கும். பிறகு, நடந்தபடியே பேச்சு வளரும். காலைப் பற்றிய நினைப்பே வராது. அன்று உங்கள் மூளை கணக்கைச் சரிசெய்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.