சுட்டும் விரலும் பேசும்

இவ்வூருக்கு நீங்கள் வந்த முதல் வாரத்தை எண்ணிப் பாருங்கள். கடையில் வேண்டிய பொருளை விரலால் சுட்டிக்காட்டி வாங்கியிருப்பீர்கள். என்ன வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குரிய இவ்வூர்ச் சொல்தான் தெரியாது. சில மாதங்களில் நீங்கள் இம்மொழியைப் பழகிக்கொண்டீர்கள். சிலருக்கோ அந்நிலை வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.

மூளை முடக்குவாதம் உடையோர் சிலருக்கு நாவும் உதடும் விருப்பப்படி இயங்குவதில்லை. ஆட்டிசம் உடைய குழந்தைகளுள் சிலர் பேசுவதில்லை. சிலர் கேட்ட சொல்லையே திரும்பச் சொல்வர். ஆட்டிசத்தைப் ‘புற உலகச் சிந்தனைக் குறைபாடு’ என்று தமிழில் எழுதுவதுண்டு. அப்பெயர் எனக்கு உடன்பாடன்று. பேச்சு இல்லையெனில் சிந்தனையும் இல்லை என்று அது நம்மை மயங்கவைக்கிறது.

இத்தகையோர்க்கென்று சென்னையில் ஒரு கருவி பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன், வித்யாசாகர் என்னும் நிறுவனத்துடன் இணைந்து அதனை உருவாக்கினார். அதன் பெயர் ‘ஆவாஸ்’. இந்தியில் அதற்குக் குரல் என்று பொருள். திரையில் உள்ள படத்தைத் தொட்டால் கருவி அச்சொல்லை ஒலிக்கும். கையை அசைக்க இயலாதவர், தலையசைவினாலும் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்காக 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ், உலகின் இளம் புதுமையாளர் 35 பேருள் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

கருவி இல்லாவிடினும் படம் வரைந்த அட்டைகள் போதும். என் வகுப்பில் பேசாத மாணவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அழுதான். “தண்ணீர் வேண்டுமா? வீட்டுக்குப் போக வேண்டுமா?” என அடுத்தடுத்துக் கேட்டேன், விடைக்குக் காத்திராமல் குவளையையும் நீட்டினேன். அவன் அதைத் தள்ளிவிட்டு, அட்டைகளுள் மின்விசிறிப் படத்தை எடுத்து என் கையில் வைத்தான். எங்கள் வகுப்பின் மின்விசிறி கடகடவென ஒலிப்பது வழக்கம். நாங்கள் அதனைக் கேட்டுப் பழகிவிட்டோம்; அவனுக்கோ அது பொறுக்க முடியாத ஓசை. நிறுத்தியதும் அழுகை ஓய்ந்தது.

அன்றுமுதல் ஒரு நேரத்தில் ஒரு கேள்வியே கேட்கிறேன்; கேட்டபின் மனத்துள் பத்துவரை எண்ணுகிறேன். நீங்களும் அவ்வாறே காத்திருங்கள். உடன் வந்த தாயிடம் கேளாமல், அவரிடமே கேளுங்கள். அவருடைய அட்டையையோ கருவியையோ விளையாட்டுக்கும் பறிக்காதீர்கள். அது அவருடைய வாய்.

பயிற்சி

1. ‘ஆவாஸ்’ எவ்வாறு இயங்குகிறது?

2. மாணவன் அழுததன் காரணத்தை ஆசிரியர் முதலில் அறியாதது ஏன்?

3. பத்துப் படஅட்டைகள் செய்து, ஓர் உணவு இடைவேளை முழுவதும் பேசாமல் அவற்றைக் கொண்டே நண்பருடன் உரையாடுக. ‘நாளை’, ‘ஏன்’, ‘வேண்டாம்’ ஆகிய சொற்களுக்கு என்ன படம் வரைந்தீர்கள்?