வில்சனும் செனற் சபையும்

அமெரிக்க ஜனாதிபதி பிறநாட்டலுவல்களிற் கருதியதைக் கருதியவாறே முடிக்க வல்லவர் என மாணவர் பலர் எண்ணுவர். அவர்க்கு நாம் வூட்றோ வில்சனின் வரலாற்றையே எடுத்துக்காட்டுவது வழக்கம். பேராசிரியராயிருந்த அவரும், தாம் ஜனாதிபதியாவதற்கு முன் 1908 இல் வெளியிட்ட நூலில், இவ்வதிகாரம் ஏறக்குறைய முழுமையானதென்றே எழுதியிருந்தார்.

முதலாம் உலகப்போர் ஓய்வதற்கு ஆறு நாள் முன்னர், 1918 நவம்பர் 5 இல், அந்நாட்டிலே தேர்தல் நடைபெற்றது. தம் சனநாயகக் கட்சியினரையே தெரிவு செய்யுமாறு வில்சன் வெளிப்படையாக வேண்டியும், இரு சபைகளும் குடியரசுக் கட்சியின் வசமாயின. அங்ஙனமிருந்தும், சமாதான மாநாட்டிற்குப் பாரிஸ் சென்றவர் செனற் சபையினர் ஒருவரையேனும் தம்முடன் அழைத்துச் சென்றாரல்லர். இஃது அவர் செய்த பிழைகளுட் பெரியதென்பது எமது கருத்து.

1919 இல் அவர் கொணர்ந்த வேர்சாய் உடன்படிக்கையின் முதற்பகுதியே சர்வதேச சங்கத்தின் அமைப்புவிதியாகும். உடன்படிக்கை எதுவும் நிறைவேறச் செனற் சபையில் வாக்களிப்போருள் மூன்றிலிரு பங்கினர் இசைதல் வேண்டும். அச்சபையின் பிறநாட்டுறவுக் குழுத்தலைவர் கென்றி கபற் லொட்ஜ் என்பார். அவரும் கல்விமானே, எனினும் இருவரும் ஒருவரையொருவர் அறவே வெறுத்தனர். சங்க உறுப்புநாடுகள் ஒன்றின் எல்லையை ஒன்று காத்தல் வேண்டுமெனப் பத்தாம் உறுப்புரை விதித்தது. கொங்கிரசின் இசைவின்றி அமெரிக்க இளைஞர் பிறர் போருக்கு அனுப்பப்படுவரோ என்பதே வினா. இஃது அற்பமான வினாவன்று. லொட்ஜ் பதினான்கு நிபந்தனைகளை விதித்தார். பிரித்தானியாமீது மனக்கசப்புற்றிருந்த ஐரிஷ் வழியினரும், நிபந்தனைகள் கொடியவையென வருந்திய ஜேர்மன் வழியினரும் உடன்படிக்கையை வெறுத்தனர். அவர்தம் வாக்குகளை அரசியலாளர் மறந்தாரல்லர்.

வில்சன் மக்களிடமே முறையிடப் புறப்பட்டார். புகைவண்டியிலே பல்லாயிரம் மைல் சென்று நாள்தோறும் பேசினார். செப்ரெம்பர் 25 இற் கொலராடோவின் புவெப்லோ நகரிற் பேசியபின் உடல் தளர்ந்தது. ஒக்ரோபர் 2 இல் வாதநோய் அவரை வீழ்த்திற்று. நோய்ப்படுக்கையிலும் நிபந்தனைகளுக்கு இணங்கமாட்டேனென நின்றார்.

1920 மார்ச்சு 19 இல் இறுதி வாக்கெடுப்பு நிகழ்ந்தது. நிபந்தனைகளோடு கூடிய உடன்படிக்கைக்குச் சார்பாக 49 பேரும் எதிராக 35 பேரும் வாக்களித்தனர். வாக்களித்த 84 பேருள் 56 பேர் இசைந்திருத்தல் வேண்டும். ஏழு வாக்குக் குறைந்தது. மாணவர் இங்குச் சற்றே நின்று நோக்குக: எதிர்த்த 35 பேருள் 23 பேர் வில்சனின் சொந்தக் கட்சியினர், தலைவர் விருப்பத்திற்கிணங்கியே எதிர்த்தவர். லொட்ஜ் மட்டுமே தோற்கடித்தாரென்று கூறும் பாடநூல்கள் இத்தொகையைச் சொல்லாது விடுகின்றன. வில்சன் முன்னின்று அமைத்த சங்கத்தில் அவர் நாடு ஒருபோதும் சேரவில்லை.

அக்காலத்திற் கடற்படைத் துணைச்செயலாளராக இருந்து இவற்றையெல்லாம் கண்டவர் பிராங்கிளின் றூஸ்வெல்ற். 1945 இல் ஐக்கிய நாடுகள் பட்டயத்தை வகுக்க சான்பிரான்சிஸ்கோ சென்ற குழுவுக்கு அவர் தம் கட்சியின் கொனலியையும் எதிர்க்கட்சியின் வண்டன்பேர்க்கையும் நியமித்தார்; இருவரும் செனற் சபையினர். அம்மாநாடு தொடங்குமுன்னரே றூஸ்வெல்ற் காலமானார். யூலை 28 இல் அப்பட்டயம் செனற் சபையில் நிறைவேறியபோது எதிர்த்தவர் இருவரே. இசைந்தவர் 89 பேர்.