மாரிகுப்பத்தில் கோவலன் கூத்துப் போடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கோவலனைச் சுரங்கத் தொழிலாளியாக்கி, தலையில் விளக்குத் தொப்பி மாட்டி மேடையேற்றப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். மதுரையை மதுரையாகவே விடு. ஆனால் அந்த மதுரையை நன்றாகப் படித்துவிட்டு ஒத்திகைக்குப் போ.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை எடுத்துக்கொள். மணி விற்கும் வீதியில் எந்தக் கல்லுக்கு என்ன குற்றம் இருக்கும் என்றுகூட இளங்கோ சொல்கிறார். பொன் கடைத்தெருவில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நால்வகைப் பொன். வாங்க வருபவர் குழம்பாதிருக்கக் கொடி கட்டியிருக்கிறார்கள். வெறும் வருணனை என்று இதைத் தாண்டிவிடாதே. கல்லையும் பொன்னையும் இவ்வளவு நுணுக்கமாகத் தரம் பார்க்கத் தெரிந்த ஊரில்தான், ஒரு சிலம்பை விசாரிக்காமலே கோவலன் உயிரை எடுக்கிறார்கள். அந்தக் கடைத்தெருவில் நடந்து பழகியவர்களுக்குக் கேட்கும்போதே வயிறு எரிந்திருக்கும்.

பிறகு கண்ணகி தொடுக்கும் வழக்கு தீர்வதும் அவர்கள் அறிந்த பொருளால்தான். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. கொற்கை முத்துக்குப் பேர்போன பாண்டியன் வீட்டில் வேறென்ன இருக்கும்? கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அவள் கடல் வணிகத்தில் செழித்த புகாரின் செல்வர் வீட்டுப் பெண். இரண்டு துறைமுகங்களின் செல்வம் அவையில் எதிரெதிரே நிற்கிறது.

பிறகு கதை போன இடமெல்லாம் அந்தந்த ஊர் உள்ளே வந்தது. மட்டக்களப்புக் கோயில்களில் பாடும் கண்ணகி வழக்குரையில், சிலம்புக்கு மணி தேடிக் கப்பல் போகிறது. அதை ஓட்டிப்போகும் மீகாமன், வழிமறிக்கும் அரசன் வெடியரசனோடு கடலில் மோதுகிறான். கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்த மணி எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டியிருந்தது.

உன் ஊருக்கான இடம் கொலைக்களக் காதையில் இருக்கிறது. ஊர்காப்பாளர் கோவலனைப் பார்த்ததும், இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். சிலம்பை உண்மையில் திருடிய பொற்கொல்லனே சிரித்துக்கொண்டு, கள்வருக்குத் துணையானவை என்று மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டையும் அடுக்குகிறான். அந்த அடுக்கை அவசரமாகச் சொல்ல விடாதே. பின்பாட்டு, மிருதங்கம் எல்லாம் நிற்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலன் முகம் மாறட்டும். பொற்கொல்லனைச் சாதிக் கேலிக்கு இரையாக்காதே. அரசனுக்கு நெருங்கியவன் என்ற பலம் அவனுக்குப் போதும்.

உன் எதிரே உட்காரப் போகிறவர்கள் யார்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து ஜான் டெய்லர் கம்பெனியின் தங்கச் சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். பாறையை உடைத்துத் தங்கத்தை வெளியே கொண்டுவந்தவன், ஷிஃப்ட் முடிந்ததும் சோதனைக்கு நின்றான். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட நினைவு லைன் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களுக்குத் தொப்பியைக் காட்டி எதையும் விளக்க வேண்டாம். மாரிகுப்பத்துப் பேச்சு வேண்டுமானால் கட்டியக்காரன் வாயில் வை. கூத்தில் அந்த உரிமை அவனுக்கு எப்போதும் உண்டு.

கடைசியாக ஒன்று. வாளை வீசும் குடிகாரக் காவலன் வேஷத்தைக் கத்துக்குட்டிக்குக் கொடுக்காதே. மற்றக் காவலர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வெட்டிவிடுகிறான். குழுவிலேயே நல்ல நடிகனை அதற்குப் போடு. வசனம் ஒன்றும் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்