வேலையும் முடியணும், ஓய்வும் கிடைக்கணும்!

* காலையில் மெயிலைத் திறக்கும் முன், இன்று முடித்தே ஆகவேண்டிய மூன்று வேலைகளைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். கடினமானதை முதலில் தொடுங்கள்.

* 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்ததும் கால் மணி நேரம் எழுந்து நடங்கள். இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980களில் தக்காளி வடிவ டைமரை வைத்து வகுத்த ‘பொமடோரோ’ முறை இது.

* புதுப் பழக்கத்தைப் பழையதோடு முடிச்சுப் போடுங்கள்: காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் பத்து நிமிட நடை.

* நாளைய முதல் வேலையை ஒரு வரியில் குறித்துவிட்டு லேப்டாப்பை மூடுங்கள். இரவில் போனுக்கு ஹாலிலேயே சார்ஜ் போடுங்கள்.

* லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில் பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆனது. நடுவில் ஒருநாள் தவறினால் விட்டுவிடாதீர்கள், மறுநாளே தொடருங்கள்.