இல்லத்தின் துயரும் பணியிடத்தின் கடமையும்

நுழையும்முன்

வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு முடியட்டும் என்னும் எண்ணம் நெடுங்காலமாக நம்மிடையே நிலவி வருகிறது. வீடும் வேலையும் ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் அமைந்த இடத்தில் அவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும்? நீலகிரித் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரே வேலிக்குள் வீடும் வேலையும்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எனப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் பெரும்பான்மையினர் பெண்கள். தோட்டம் தந்த வீட்டில் குடியிருந்து, தோட்டத்து மருந்தகத்தில் மருந்து பெற்று, தோட்டத்துக் காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டு மலைச்சரிவில் ஏறுகிறவர்கள் அவர்கள். இவ்வாழ்க்கை முறைக்குச் சட்ட வடிவம் தந்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். குடியிருப்பையும் மருத்துவத்தையும் நிர்வாகத்தின் கடமையாக்கிய அச்சட்டம், 50 பெண்கள் பணிபுரியும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகமும் 300 தொழிலாளர் உள்ள தோட்டத்தில் நல அலுவலரும் இருக்கவேண்டும் என வரையறுத்தது. பின்னர் வந்த 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமும் நல அலுவலர் பதவியைத் தக்கவைத்துக்கொண்டது. 1964ஆம் ஆண்டின் சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காகத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தோட்டங்களும், அதாவது இன்றைய 'டேன்டீ' தோட்டங்களும், இவ்வமைப்பையே பின்பற்றின.

இவ்வமைப்பில் ஓர் இடர்ப்பாடு ஒளிந்திருக்கிறது. வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. கணவனின் அடிக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறும் பெண், பல வேளைகளில் வேலையையும் விட்டு வெளியேற நேரிடுகிறது. வீடு கணவன் பெயரில் ஒதுக்கப்பட்டிருப்பின் அவள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நகரத்தில் அலுவலகம் செல்லும் பெண்ணுக்குப் பகல்பொழுதேனும் அடைக்கலமாகும்; தோட்டத்திலோ அடித்தவனும் அடுத்த பாத்தியில் நிற்கக்கூடும்.

கூடையின் எடையில் தெரியும் காயம்

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), திருமணமான பெண்களுள் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் எனவும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் எனவும் கண்டறியப்பட்டது. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் மாநிலத்துக்கு இது பெருமை தரும் எண் அன்று.

கொழுந்து பறித்தல் இரு கைகளும் இடைவிடாது இயங்கவேண்டிய தொழில். வரையறுத்த அளவுக்கு மேல் பறிக்கும் கிலோவுக்கு ஊக்கத்தொகை உண்டு. மணிக்கட்டு வீங்கிய நாளில் கூடையின் எடை குறையும். எடை குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் வீட்டில் மீண்டும் சச்சரவு எழும். எடையைக் குறித்துக்கொள்ளும் மேஸ்திரியின் கண்ணுக்கு இது சோம்பலாகத் தெரியலாம். அடிக்கடி தாமதம், காரணம் சொல்லாத விடுப்பு, முகத்தை மறைக்கும் முக்காடு ஆகியவற்றையும் ஒழுங்கின்மை எனக் கருதி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிடுவது எளிது. 'வேலைக்கு என்ன கேடு?' என்று வினவும் முன் 'வீட்டில் நலமா?' எனத் தனியே வினவக் கற்றுக்கொள்வதே மேற்பார்வையாளர் பெறவேண்டிய முதற்பயிற்சி.

சட்டம் காட்டும் வழி

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. உடலை வருத்துவதோடு வசைமொழியையும், பெண்ணின் வருவாயைப் பறித்துக்கொள்ளும் பொருளாதாரக் கொடுமையையும் அது வன்முறையாகவே கொள்கிறது. வீடு எவர் பெயரில் இருப்பினும் அதில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. வன்முறையாளர் அவளது பணியிடத்துக்குள் நுழையக்கூடாது எனவும் நீதித்துறை நடுவர் ஆணையிடலாம். துன்பம் பணியிடம்வரை பின்தொடரும் என்பதைச் சட்டம் முன்கூட்டியே அறிந்திருந்தது. மேலும், வன்முறை நிகழ்கிறது என நம்பத்தக்க காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவரை வழக்கில் சிக்கவைக்க இயலாது. பணியிடத்துப் பாலியல் துன்புறுத்தலுக்கெனத் தனிச்சட்டம் 2013இல் வந்தது. ஆனால், வீட்டு வன்முறைக்கு உள்ளான தொழிலாளிக்கு முதலாளி செய்யவேண்டுவன இவையென எந்தச் சட்டமும் இங்கு விரித்துரைக்கவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை (2019), வீட்டு வன்முறை பணியுலகில் விளைக்கும் பாதிப்பை ஏற்று, இயன்ற அளவு தணிக்குமாறு நாடுகளைக் கேட்கிறது. பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சட்டமாக்கியுள்ளன. அவற்றுக்கு முன்பே, 2004இல், பிலிப்பைன்சு அதை வழங்கியது.

தோட்டம் செய்யத்தக்கவை

விடுப்பு ஏன் வேண்டும் என்பது கூடலூரிலிருந்து பார்த்தால் விளங்கும். மாவட்டத் தலைநகரான உதகை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு, மலைப்பாதை. அங்குள்ள அலுவலகம் ஒன்றுக்குச் சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். நீதிமன்றத் தவணைக்கும் மருத்துவச் சான்றுக்கும் இன்னும் சில நாள்கள் வேண்டும். அந்நாள்களின் கூலியை ஈடுசெய்யும் தோட்டம், அறிவுரையைவிடப் பெரிய உதவியைச் செய்கிறது.

குடியிருப்பு நிர்வாகத்தின் கையில் இருப்பது இடர்ப்பாடு என்றோம். அதுவே வலிமையாகவும் மாறும். வேறு பிரிவில் ஒரு வீட்டை அவள் பெயரில் ஒதுக்க எந்த ஆணைக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. இருவரும் ஒரே தோட்டத்தில் பணிபுரிந்தால் இடம் மாற்றப்படவேண்டியவர் அடித்தவரே. பழகிய தோழியரையும் குழந்தையின் பள்ளியையும் விட்டு அடிபட்டவளையே அனுப்புவது அவளுக்கு இரண்டாம் தண்டனை. அவளது கூலி அவளது வங்கிக் கணக்கிலேயே சேர்வதையும் நிர்வாகம் உறுதிசெய்ய இயலும்.

செய்யக்கூடாதது ஒன்றுண்டு. இருவரையும் அலுவலகத்துக்கு அழைத்து, எதிரெதிரே நிறுத்தி, சமாதானம் பேசி அனுப்பும் வழக்கம் நல்லெண்ணத்திலிருந்தே பிறக்கிறது. ஆயினும் அன்றிரவு அவள் எதிர்கொள்ளப்போவதை அது கணக்கிடுவதில்லை. அவள் சொன்னது வெளியே கசிந்தாலும் அதே கதிதான். ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயன் வீடுகளில் செய்தி ஓரிரவில் பரவும். ஆகவே எங்கே புகாரளிப்பது, எப்போது வெளியேறுவது என்னும் முடிவுகள் அவளுடையனவாகவே இருத்தல்வேண்டும். உயிருக்கு ஆபத்து நேரும் தருணத்தில் மட்டும் 112ஐ அழைக்க எவரும் தயங்கலாகாது.

அவள் முதலில் யாரிடம் வாய் திறப்பாள்? பெரும்பாலும் மேலாளரிடம் அன்று. காப்பகத்து ஆயாவிடமோ மருந்தகச் செவிலியரிடமோதான். குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'உபாசி' என்னும் தோட்ட அதிபர் சங்கம் 1970களில் நடத்திய நலத்திட்டத்தில், தொழிலாளருள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டோர் இணைப்புப் பணியாளராய் வீடுதோறும் நலவாழ்வுச் செய்திகளைக் கொண்டுசென்றனர். அத்தகையோருக்கு இப்பணியிலும் பயிற்சி தரலாம். 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் முகவரியையும் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், எல்லோரும் பார்க்க எவளும் நின்று படிக்கமாட்டாள். காப்பகத்தின் உட்சுவரிலும் பெண்கள் கழிப்பறைக் கதவின் பின்புறமும் ஒட்டினால் படிப்பாள்.